'தமிழ் எங்கள் உயிர்': ஒரு நிதியின் வரலாறு

மாணவர்க்கு நான் தவறாமல் சொல்லும் வரலாறு இது; பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

சிங்கப்பூர் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த காலம். 1949இல் இங்கே மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னர் அங்கே இந்திய இயல் துறை அமைக்க எண்ணியபோது, எம்மொழிக்கு முதலிடம் என்ற வினா எழுந்தது. ஆய்ந்து கூற அழைக்கப்பட்ட பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியைப் பரிந்துரைத்தார். சோழர் வரலாற்றை எழுதிய அதே அறிஞர்தாம்!

தமிழர் கொதித்தெழுந்தனர். இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழிக்கு இரண்டாம் இடமா? 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி முன்னின்று வாதாடினார். அவர் கோரிக்கையோடு நின்றுவிடவில்லை என்பதே என்னை வியக்க வைப்பது. துறையின் நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். அன்றாடக் கூலியில் வாழ்ந்தோரும் தம்மால் இயன்றதை ஈந்தனர். நூலுக்கு வழியில்லை என்று மேலிடத்தார் தட்டிக்கழிக்க இனி இடமேது?

1956இல் துறை தொடங்கியது. தமிழே முதன்மை பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கூடியதும் அந்நகரிலேதான்.