கூடு மாறிய கம்பெனியும் நழுவிய சாவியும்

மோட்டார் நிறுவனமொன்று தான் விற்ற கார்களில் பாதுகாப்புப் பிழை இருப்பதாக அறிவித்து, அவற்றை வரவழைத்துச் செலவின்றிப் பழுது நீக்கித் தருவதை ஆங்கிலத்தில் 'ரீகால்' என்பர். நம் நாளேடுகள் 'திரும்பப் பெறுதல்' என்று எழுதுகின்றன. உண்மையில் பெரும்பாலும் நிறுவனங்கள் காரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை. ஒரு கடிதம் வரும். உரிமையாளர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார். ஓர் உறுப்பை மாற்றித் தருவார்கள். திரும்ப அழைத்தல் என்பதே பொருத்தமான சொல். அழைத்தல் என்று சொன்னவுடன் அழைப்பவர் யார் என்ற கேள்வியும் உடன்வருகிறது. கார் செய்த நிறுவனம் திவாலாகி, அதன் பெயரும் தொழிற்சாலையும் வேறொருவர் கைக்குப் போய்விட்டிருந்தால் அழைக்க வேண்டியவர் யார்? இறந்தவர்களின் வீட்டார் யார் வாசலில் போய் நிற்பது? அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வரலாற்றில் இக்கேள்வி நீதிமன்றம்வரை சென்று விடை பெற்றது. அதற்குக் காரணமாக இருந்தது சாவி போடும் இடத்திலுள்ள ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச்.

முதலில் சட்டம் வந்த கதை. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்களின் வடிவமைப்பே உயிர் குடிப்பது என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அதன் முதல் இயல் ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கோர்வேர் காரைப் பற்றியது. நிறுவனம் நூலுக்கு மறுப்பு எழுதுவதோடு நிற்காமல் துப்பறிவோரை அமர்த்தி நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவியது. செய்தி வெளியாகி, 1966 மார்ச்சில் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக்குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிழையுள்ள வாகனங்களைப் பற்றி உரிமையாளருக்கு அறிவிக்கும் கடமை இந்தச் சட்டத்தின் வழியே வந்தது. துப்பறிவோரை ஏவாதிருந்தால் சட்டம் இத்தனை விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

இனி சுவிட்ச். சாவியை 'ஓட்டம்' என்ற நிலைக்குத் திருப்பினால் அது அங்கேயே நிற்க வேண்டும். அவ்வாறு நிறுத்துவது சுவிட்சினுள் இருக்கும் ஒரு சிறிய வில்லும் அது அழுத்தும் முளையும். ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த அளவின்படி சாவியை அந்நிலையிலிருந்து நகர்த்தக் குறைந்தது 15 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை தேவைப்பட வேண்டும். டெல்ஃபி நிறுவனம் செய்து தந்த சுவிட்சுகளோ அதற்கு வெகுவாகக் குறைந்த விசையிலேயே திரும்பின. குறை தெரிந்தே, 2002இல் பொறுப்பான பொறியாளர் அதற்கு ஒப்புதல் தந்தார். சுவிட்சின் வேறு கோளாறுகளோடு அவர் நெடுநாள் மல்லாடியிருந்தார்; மின்னஞ்சலொன்றில் அதை நரகத்திலிருந்து வந்த சுவிட்ச் என்றே குறிப்பிட்டார். முதலில் சாட்டர்ன் அயான் காரிலும் பின்னர் செவர்லே கோபால்ட், பான்டியாக் ஜி5 முதலியவற்றிலும் அது பொருத்தப்பட்டது. எல்லாம் விலை குறைந்த சிறு கார்கள். முதல் வேலைக்குப் போகும் இளைஞரும், மகளுக்குக் கார் வாங்கித் தரும் நடுத்தர வீட்டாரும் வாங்கியவை.

கனமான சாவிக்கொத்து தொங்கினால், முழங்கால் பட்டால், மேடுபள்ளத்தில் வண்டி குதித்தால் சாவி தானாக ஒரு நிலை பின்னுக்கு நழுவும். எஞ்சின் நின்றுவிடும். ஸ்டியரிங் கனக்கும்; பிரேக்குக்கு உதவும் விசையும் போய்விடும். அத்தோடு மின்சாரம் அற்றுப்போவதால் மோதும்போது விரிய வேண்டிய காற்றுப்பையும் விரியாது. விபத்தை உண்டாக்கும் பிழையே விபத்திலிருந்து காக்கும் கருவியையும் முடக்கிவிடுகிறது. நிறுவனத்துள் பலரும் பல ஆண்டுகள் புரிந்துகொள்ளாத, அல்லது புரிந்துகொள்ள முயலாத இணைப்பு இதுதான். கார் ஓடும்போது நின்றுவிடுகிறது என்ற முறையீடுகளை அவர்கள் 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பின்கீழ் வைத்தனர். 'பாதுகாப்பு' என்ற தலைப்பின்கீழ் வைத்திருந்தால் சட்டப்படி திரும்ப அழைத்தாக வேண்டும். வசதி என்றால் செலவுக் கணக்குப் பார்க்கலாம். 2005இல் பார்த்தார்கள்; மாற்றுவது கட்டாது என்று முடிவாயிற்று. புதிய சுவிட்சின் விலை 57 சென்ட் என்று பிற்காலத்துக் காங்கிரஸ் விசாரணையில் வெளிவந்தது. அந்த டிசம்பரில் விற்பனையாளர்களுக்குச் சுற்றறிக்கை மட்டும் போயிற்று: சாவிக்கொத்திலிருந்து தேவையற்றவற்றைக் கழற்றிவிடுமாறு வாடிக்கையாளரிடம் கூறவும்.

தமிழிலக்கணம் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கலாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். ஜெனரல் மோட்டார்ஸ் 2008இல் தன் ஊழியருக்கு நடத்திய பயிற்சி ஒன்றின் ஏடுகள் பின்னர் அரசு ஆணையின் வழியே வெளியாயின. அறிக்கைகளில் எழுதக் கூடாத சொற்கள் என 60க்கும் மேற்பட்டவை அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. மரணப்பொறி, உருளும் கற்சவப்பெட்டி, விதவையாக்கி என்ற சொற்களை எழுதாதே என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் 'குறைபாடு' என்ற சொல்லையும் விலக்கி, 'வடிவமைப்பின்படி இயங்கவில்லை' என்று எழுதச் சொன்னார்கள். இது மங்கலமும் அன்று, இடக்கரடக்கலும் அன்று. மூன்றாவதாகிய குழூஉக்குறியின் பாற்பட்டது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல், பிறர் அறியாதிருக்கக் குழுவினர் தமக்குள் வழங்குவது. இங்கு ஒரு விபரீதம் நிகழ்ந்தது: மறைத்துப் பேசிப் பேசிக் குழுவினருக்கே பொருள் மறைந்துபோயிற்று.

அதிலும் விந்தை, 2006 ஏப்ரலில் அதே பொறியாளர் நீளமான முளையும் வலுவான வில்லும் கொண்ட புதிய சுவிட்சுக்கு ஓசையின்றி ஒப்புதல் அளித்தார்; ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் உலவின. பிந்தைய கார்களில் மட்டும் தொல்லை குறைவாக இருப்பதேன் என்று உள்ளே ஆராய்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பினர். சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இக்கேடு உடனே விளங்கும்: ஒரு பிரதியைத் திருத்திவிட்டுத் திருத்தியதைக் குறிக்காமல் விட்டால் பின்வரும் பதிப்பாசிரியர் எல்லாரும் வழிதவறுவர்.

வெளியே இருந்தவர்கள் விரைவாகக் கண்டனர். 2006 அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கோபால்ட் மோதி இரு இளம்பெண்கள் இறந்தனர். அதை ஆராய்ந்த மாநிலக் காவலர் 2007இல் எழுதிய அறிக்கையில், சாவி நழுவிய நிலையில் இருந்ததையும் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் சேர்த்துப் பார்த்து, காற்றுப்பை விரியாமைக்கு அதுவே காரணமாகலாம் என்று குறித்தார். கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வகம் வைத்திருந்த நிறுவனம் காணாததை ஒரு காவலர் கண்டார். அவ்வறிக்கை நிறுவனத்தின் கோப்பிலும் இருந்தது. அதே ஆண்டு மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் அலுவலர் ஒருவர் முறையான விசாரணை வேண்டும் என்றார். மேலே இருந்த குழு வேண்டாம் என்றது. டெக்சாஸில் ஒரு பெண் 2004இல் ஓட்டிச்சென்ற சாட்டர்ன் அயான் மரத்தில் மோதி, அவர் மணக்கவிருந்தவர் இறந்தார். 2007 இலையுதிர் காலத்தில், கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்னரே, அக்காரில் மின்சாரம் அற்றுப்போயிருந்தது என்ற முடிவுக்கு நிறுவனத்தின் உள்ளாய்வு வந்திருந்தது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இவ்வரலாற்றில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத இடம் இது.

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு அளித்தது. திவால் சட்டத்தின் ஒரு பிரிவின்படி, நிறுவனத்தின் நல்ல சொத்துகளைப் பழைய கடன்களின் பிடியிலிருந்து விடுவித்து விற்கலாம். 40 நாட்களுக்குள், ஜூலை 10 அன்று, விற்பனை முடிந்தது. வாங்கியதும் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ்தான். இதற்கெனவே புதிதாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் பங்குகளில் அமெரிக்கக் கருவூலத்துக்கு 60.8 விழுக்காடு, தொழிலாளர் மருத்துவ நலநிதிக்கு 17.5, கனடா மற்றும் ஒன்டாரியோ அரசுகளுக்கு 11.7, பழைய கடன்தாரர்களுக்கு 10. பழைய நிறுவனத்துக்கு மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி என்று பெயரிட்டார்கள். பெயரும் தொழிற்சாலைகளும் பொறியாளர்களும் கோப்புகளும் புதிய உடலுக்குப் போயின. வழக்குகள் பழைய உடலோடு நின்றன.

பெரியபுராணத்தில் திருமூலர் கதையை அறியாதவர் இரார். இறந்துகிடந்த ஆயன் மூலனின் உடலுள் யோகியார் புகுந்து பசுக்களின் துயர் தீர்த்துச் சாத்தனூர் செல்கிறார். மூலனின் மனைவி வந்து உரிமை கோருகிறாள். உனக்கும் எனக்கும் தொடர்பில்லை என்கிறார் அவர். அவள் ஊர்ப்பெரியோரிடம் முறையிடுகிறாள். அவர்களும் யோகியின் நிலையுணர்ந்து அவளைத் தேற்றி அனுப்பிவிடுகிறார்கள். சேக்கிழார் அப்பெண்ணைத் தொடர்ந்து போகவில்லை. நியூயார்க் திவால் நீதிமன்றத்தின் 2009ஆம் ஆண்டு ஆணையைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணே நினைவுக்கு வந்தாள். புதிய உடலில் இருந்தது பழைய உயிர் என்பதால் ஒப்புமை தலைகீழானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆணையில் ஒரு நுட்பம் உண்டு. பழைய கார்களைத் திரும்ப அழைக்கும் சட்டக் கடமையைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஜூலை 10க்குப் பின் நிகழும் விபத்துகளின் பொறுப்பையும் ஏற்றது. அதற்கு முந்தைய விபத்துகள் அதைச் சேரா. ஆக, காருக்குப் பரிகாரம் உண்டு. முன்னரே அதில் இறந்தவருக்கு இல்லை. மரணத்தின் தேதியே உரிமையைத் தீர்மானித்தது. 2010 மார்ச்சில் ஜார்ஜியாவில் ஒரு இளம் செவிலி ஓட்டிய கோபால்ட் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். கோட்டுக்கு இப்பால் நிகழ்ந்ததால் அவருடைய பெற்றோர் வழக்காட முடிந்தது. அவர்கள் தரப்புப் பொறியாளர், பழைய சுவிட்சையும் கடையில் வாங்கிய புதிய சுவிட்சையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தார். ஒரே எண், முளையின் நீளம் வேறு. கம்பெனியின் பொய் அம்பலமானது அங்கேதான்.

பெயர்களுக்கு நேர்ந்த கதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாட்டர்னை வாங்க வந்த பென்ஸ்கி குழுமம் 2009 செப்டம்பரில் பின்வாங்கியது, சாட்டர்ன் மறைந்தது. 1926இல் பிறந்த பான்டியாக் 2010இல் முடிந்தது. ஹம்மரை வாங்க வந்த சீன நிறுவனத்தின் பேரம் கைகூடவில்லை. ஸ்வீடனின் சாப், ஸ்பைக்கர் என்ற சிறிய டச்சு நிறுவனத்திடம் போய் 2011 டிசம்பரில் திவாலாயிற்று. ஓப்பல் 2017இல் பிரெஞ்சுக்காரரின் பியூஜோ குழுமத்துக்கும், அதன் வழியே 2021இல் ஸ்டெல்லான்டிஸுக்கும் போனது. இந்தியாவில் செவர்லே விற்பனை 2017இறுதியோடு நின்றது. ஹாலோல் தொழிற்சாலை சீன சாயிக் நிறுவனத்திடமும், தளேகாவ் தொழிற்சாலை ஹூண்டாயிடமும் சென்றன. கடையின் பலகை இறங்கிய பின்னும் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. சாட்டர்ன் வைத்திருந்த அமெரிக்கர், 2014இல் அழைப்புக் கடிதம் வந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் வேறு பெயர்க்கடைகளுக்கு வண்டியை ஓட்டிப்போனார்.

அழைப்பு வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்க அரசு தன் கடைசிப் பங்குகளை விற்று வெளியேறியது. 2014 பிப்ரவரியில் முதல் அறிவிப்பு. அரசே பெரும்பங்கு உரிமையாளராக இருந்த ஆண்டுகளில் மறைந்திருந்த குற்றம், அரசு கைகழுவிய இரண்டாம் மாதம் வெளிவந்தது. இதில் சதி காண்போர் உண்டு; வெளியான சான்றுகளில் அதற்கு ஆதாரமில்லை. ஆனால் காவலும் உரிமையும் ஒரே கையில் இருந்த காலம் அது என்பதை மறுப்பதற்கில்லை. அழைக்கப்பட்ட கார்கள் விரைவில் உலகெங்கும் சுமார் 26 லட்சமாயின. அந்த ஜனவரியில்தான் தலைமைப் பதவி ஏற்றிருந்த மேரி பாரா காங்கிரஸ் முன் நின்றார். நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகஸ் 325 பக்க அறிக்கை அளித்தார். 15 பேர் பணி நீக்கப்பட்டனர். கூட்டத்தில் எல்லாரும் ஆமென்று தலையசைத்துவிட்டு எதையும் செய்யாமல் கலையும் வழக்கத்துக்கு உள்ளேயே ஒரு பெயர் இருந்ததை அவ்வறிக்கை பதிவு செய்கிறது: 'ஜி.எம். தலையசைப்பு'.

நிறுவனம் முதலில் ஒப்புக்கொண்ட மரணங்கள் 13. கென்னத் ஃபைன்பெர்க் நடத்திய இழப்பீட்டு நிதி, தேதிக் கோட்டைப் பாராமல் கோரிக்கைகளை ஏற்றது. வந்த 4,343 கோரிக்கைகளில் 124 மரணங்களையும் 275 காயங்களையும் அது ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பரில் நீதித்துறையுடன் 90 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. அதன்கீழ் தனிமனிதர் யார்மீதும் குற்றவழக்கு வரவில்லை. டெக்சாஸ் பெண்ணின் குற்றத்தீர்ப்பை 2014 நவம்பரில் நீதிபதி நீக்கினார். பத்தாண்டுகள் அவர் தம்மைக் கொலையாளியாகவே எண்ணி வாழ்ந்திருந்தார்.

நிதிக்கு வெளியே வழக்காடியவர்களிடம் நிறுவனம் 2009 ஆணையைக் கேடயமாக நீட்டியது. 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தட்டிவிட்டது. பிழையைப் பழைய நிறுவனம் அறிந்திருந்தது, அல்லது அறிந்திருக்க வேண்டும். அறிந்தும் கார் உரிமையாளர்களுக்கு நேரே அறிவிக்காமல் செய்தித்தாள் விளம்பரத்தோடு விட்டது. தம் உரிமை பறிபோகிறது என்பதே தெரியாதவர்களை அந்த ஆணை கட்டுப்படுத்தாது என்றது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் நிறுவனத்தின் மனுவை ஏற்க மறுத்தது. 2009 ஜூலைக்கு முன் இறந்தவர்களின் குடும்பங்கள் அதன் பிறகே தம் வழக்குகளைத் தொடர முடிந்தது.