வாணிகமும் மும்மொழியும்

மாத்தளை நகருக்கு வடகிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்தது இரத்தோட்டை என்னும் சிற்றூர். தேயிலை, மிளகு, ஏலம், கொக்கோ முதலியன விளையும் இம்மலைப்புறத்திலே சிங்களக் கிராமங்களும் தமிழ் மக்கள் வாழும் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முஸ்லிம் மக்களும் இங்கு வாழ்கின்றனர். இவர் யாவரும் ஒருங்கு கூடுமிடம் கடைத்தெருவே. பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, மருந்துப் பெட்டி என்பவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் காண்பார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. ஒரு செய்தியை ஒரு மொழியில் அச்சிடுதற்கே செலவு உண்டு. மும்மொழியில் அச்சிடின் தாளும் மையும் உழைப்பும் மிகும். இலாபமே குறியாகக் கொண்ட வணிகன் அச்செலவை ஏன் ஏற்கின்றான்?

சட்டம் பணிக்கின்றது, அதனால் ஏற்கின்றான் என்பர் சிலர். இவ்விடை முற்றும் பொருந்தாது. இலங்கையில் மொழி பற்றி எழுந்த சட்டங்கள், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமாயினும், 1958ஆம் ஆண்டின் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டமாயினும், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமாயினும், பெரிதும் அரசாங்கக் கருமங்களையே நோக்கியவை. வாணிகத்தின் பன்மொழி வழக்கமோ இவற்றுக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டைப் பொறிப்பித்தான். பரதேசிகள் ஊர்காவற்றுறையிலே வந்து இறங்கவேண்டும் என்றும், அவர்க்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் கெடுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும், எஞ்சியது உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் கெடுமாயின் இரு திறத்தாருக்கும் செம்பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தன் துறைமுக ஒழுங்கைத் தமிழில் வெளியிட்டது ஏன்? கடல் வழியே வரும் வணிகர் அதனைப் படித்தறிதல் வேண்டும் என்பதனாலேயாம். எழுதுவோன் மொழியன்று, படிப்போன் மொழியே வாணிகத்துக்கு ஏற்ற மொழி என்னும் உண்மையை அக்கல் உணர்த்துகின்றது.

இதனினும் வியத்தற்குரியது 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்த இக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் அதில் எழுத்து உண்டு. ஆயினும் அவை ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று எனக் கொள்ளற்க. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறி சார்ந்தது. தெய்வம் வேறாயினும் காணிக்கைகள் பெரிதும் ஒத்தனவே. பிறமொழியாளரை அணுகுவோன் அவர்தம் சொல்லை மட்டுமன்றி, அவர் மதிப்பதனையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

கல்லின் இடத்தை அச்சு பெற்ற காலத்திலும் நிலைமை மாறவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வாணிகக் கழகமே. அது 1737இல் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவிச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிடலாயிற்று. சமயப் பணியும் ஆட்சிப் பணியும் அங்கு ஒருங்கே நிகழ்ந்தன. ஆணை விளங்கினாலன்றி வரியும் வாரா, சரக்கும் வாரா என்பதைக் கம்பெனி அறிந்திருந்தது.

மாத்தளைப் பகுதிக்கு நெருங்கிய சான்று கோப்பிக் காலத்தது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். புகையிரதம் இந்நகருக்கு வந்தது 1880இலேதான். கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபின், 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் தாள்களை வைத்திருந்தோர் கலங்கினர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார். அடுத்த ஆண்டு முதல் அரசாங்கமே நாணயத் தாள் வெளியிட்டது. அத்தாள்களில் தொகை ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. நம்பிக்கை இழந்த மக்களிடத்து ஒரு தாள் செல்லுபடியாதல் வேண்டுமாயின், அவர் அதனைத் தாமே படித்தறிதல் வேண்டும். இன்றும் இலங்கை ரூபாய்த் தாள் மும்மொழியும் தாங்கி நிற்கின்றது.

எனினும், பன்மொழி அச்சு யாவும் மதிப்பின் அடையாளம் எனக் கருதுதல் பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்குசன் என்பார் தோட்டத்துச் சின்னத்துரைமாருக்காகத் தமிழ்க் கைந்நூல் ஒன்றை ஆக்கினார். அதன் பெயர் ‘இங்கே வா’ என்பது. அப்பெயரே ஓர் ஏவல். ஏவுதற்குக் கற்கும் மொழி வேறு. கேட்டறிதற்குக் கற்கும் மொழி வேறு. அக்காலத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன கடனை இறுத்தால் இத்தொழிலாளர் விடுவிக்கப்படுவர் எனத் துரை எழுதிக் கொடுப்பது அது. அச்சீட்டைக் கொண்டு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட, கடனும் அவரைத் தொடர்ந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சீட்டின் பெயர் தமிழ். அதனால் கட்டுண்டவரும் தமிழர். அதன் அதிகாரமோ அவர் கையில் இல்லை.

ஆகவே வணிகன் பன்மொழியில் அச்சிடுதற்குக் காரணம் மூன்று எனலாம். பொருளை விற்றல் ஒன்று, நம்பிக்கையைப் பெறுதல் இரண்டு, பொறுப்பை உணர்த்துதல் மூன்று. முதலிரண்டும் அவனுக்கு ஆதாயம் தருவன. ஆதலின் விளம்பரம் எப்பொழுதும் வாங்குவோன் மொழியைத் தேடி வருகின்றது. மூன்றாவதோ வாங்குவோனுக்கு ஆதாயம் தருவது. ஆதலின் கடன் உடன்படிக்கையும் காப்புறுதிப் பத்திரமும் மருந்து உட்கொள்ளும் முறையும் பல வேளைகளில் பின்தங்கிவிடுகின்றன. இனிய சொல்லை எம்மொழியில் கூறி அழைத்தார்களோ, கடுமையான நிபந்தனையையும் அம்மொழியிலேயே கூறுதல் நேர்மையாகும். படித்தறியாத தாளில் இடும் கையொப்பம் உடன்பாடு ஆகாது. அது வெறும் கைந்நாட்டே.

மாணவருள் பலர் நாளை வங்கியிலும் வாணிக நிலையங்களிலும் அச்சகங்களிலும் பணிபுரியக்கூடும். ஒரு தாளை எழுதி முடித்தபின், அதனைப் பெறுவோர் யாவர், அவர் எம்மொழியில் படிப்பர், பிழையின்றி எழுதியுள்ளோமா என ஒருமுறை எண்ணிப் பார்த்தல் அவர் கடன். நயினாதீவுக் கல்லை வெட்டியோர் அதனை எண்ணினர். அச்சும் எழுத்தும் எளிதாகிவிட்ட இக்காலத்தில், அதனை எண்ணாமைக்குக் கூறத்தக்க காரணம் யாதும் இல்லை.