புறாவும் தபால் வண்டியும்: கண்டியில் ஒரு தாமதத்தின் வரலாறு

கடந்த பாடசாலை விடுமுறையின்போது, கண்டி ஹந்தானை மலைச்சரிவிலுள்ள எமது வீட்டில் பேரனின் முறைப்பாடு ஓயவில்லை. "தாத்தா, லேக் அடிக்குது. நான் சுடுறதுக்கு முந்தியே செத்துப் போறேன்" என்பான். இணையத்தில் பலர் கூடி விளையாடும் விளையாட்டில், விசையை அழுத்துவதற்கும் அதன் விளைவு திரையில் தோன்றுவதற்கும் இடையே ஏற்படும் தாமதத்தையே பிள்ளைகள் 'லேக்' என்கின்றனர். கூடிய விலையுள்ள இணையப் பொதிக்கு மாறிவிடுவதென்று என் மகன் தீர்மானித்திருந்தான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் ஒவ்வொரு மாதக் கட்டணமும் கணக்குப் பார்த்தே செலுத்தப்படும் வீடு எங்களுடையது. ஒரு வாரம் பொறுக்குமாறு கேட்டுக்கொண்டேன். செய்தி எங்கே தாமதிக்கிறது என்று தேடுவது பத்திரிகையாளனின் பழைய தொழில் அல்லவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. அவை கொண்டுவந்த செய்திகளை முந்திப் பெறுவதற்காக, 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850 முதல் காலிக்கும் கொழும்புக்குமிடையே புறாக்களைப் பயன்படுத்தியது. மெல்லிய தாளில் எழுதப்பட்ட செய்தி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பை அடைந்தது. ஆனால், இலண்டனில் கோப்பியின் விலை என்னவென்று அறியக் காத்திருந்த கண்டித் தோட்டத்துரைமாருக்குப் புறா வரவில்லை. 1832இல் தொடங்கிய குதிரைத் தபால் வண்டியே அவர்களது வழி. கடலோரத்தில் பறந்து வந்த செய்தி, மலைப்பாதையில் குதிரையின் கால்களை நம்பி ஏறியது. 1858இல் காலி – கொழும்புத் தந்தி வந்ததும் புறாக்கள் ஓய்வு பெற்றன. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல்தான். நெடுவழி விரைந்துவிட, கடைசி வழி தாமதித்து நின்ற கதை இது.

நூற்றாண்டு கடந்தும் அதே கதை திரும்பியது. 1995இல் இலங்கையில் வர்த்தக ரீதியான இணையச் சேவை தொடங்கியது. அன்றைய தொலைபேசி மோடம், தகவலை ஒலியாக மாற்றித் திரும்பப் பெறுவதற்கே நூறு மில்லிசெக்கனுக்கு மேல் எடுத்துக்கொண்டது. செய்மதி வழி சென்றால் நிலைமை இன்னும் மோசம். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டியிருந்ததால், ஒரு கேள்விக்குப் பதில் வர அரைச் செக்கன் சென்றது. மின்னஞ்சலுக்கு அது பொருட்டன்று. விளையாட்டுக்கோ அது மரணம். 1996இல் வெளிவந்த 'குவேக்' விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான ஜோன் கார்மாக், பதில் வரும் வரை காத்திராமல் விளையாடுபவரின் அசைவைக் கணினியே ஊகித்துக் காட்டும் முறையை அதே ஆண்டிலேயே புகுத்த நேர்ந்தது இதனால்தான்.

பின்னர் கடலடி வடங்கள் வந்தன. 1999 – 2000 காலப்பகுதியில் 'சீ-மீ-வீ 3' வடம் கல்கிசையில் கரையேறியது. 2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அப்பால் ஒரு கப்பலின் நங்கூரம் வடத்தைச் சேதப்படுத்தியபோது நாடே இணையமின்றித் தவித்தது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே வடங்கள் அறுந்தபோதும் தெற்காசியா முழுவதும் அதன் பாதிப்பை உணர்ந்தது. இவ்வாறான நாட்களில் வீட்டிலிருந்து செய்யக்கூடியது எதுவுமில்லை.

மற்றைய நாட்களின் கணக்கு வேறு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. கண்டியிலிருந்து கொழும்புக்குச் சென்று திரும்ப ஒரு மில்லிசெக்கனே போதும். நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிங்கப்பூரிலிருந்து பதில் வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன் வேண்டும். வடம் வளைந்து செல்வதால் நடைமுறையில் அது இன்னும் கூடும். எந்தப் பொதியை வாங்கினாலும் இத்தூரம் குறையாது.

ஆகவே நாங்கள் வீட்டுக்குள்ளேயே தேடினோம். 1983இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல் இன்றும் எல்லாக் கணினிகளிலும் உண்டு. முதலில் ரவுட்டரைப் பிங் செய்தோம். தடித்த சுவருக்கு அப்பாலிருந்த பேரனின் அறையில், பதில் சில வேளை உடனேயும் சில வேளை மிகவும் பிந்தியும் வந்தது. வைஃபையை விட்டு நீண்ட கம்பியொன்றை இழுத்ததும் அது சீரானது. அவனது கணினியில் ஒரு வீபீஎன் செயலியும் இயங்கிக்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கெதிராக வன்முறை வெடித்தபோது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடைசெய்தது. உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று அறிய நாங்கள் பயன்படுத்திய வழி அது. தடை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. புதிய கணினிக்கும் அது வந்துசேர்ந்திருந்தது. அதன் வழியே அவனது விளையாட்டு ஐரோப்பாவைச் சுற்றிச் சென்றுகொண்டிருந்தது.

ஆயினும் மாலை வேளைகளில் லேக் திரும்பியது. காரணம், மருமகளின் கைத்தொலைபேசி நாள் முழுதும் எடுத்த படங்களை அப்போதுதான் இணையத்துக்கு அனுப்பியது. ரவுட்டரில் அவை வரிசையாக நிற்க, பேரனின் சிறு தகவல் துணுக்கு அந்த வரிசையின் கடைசியில் காத்து நின்றது. இந்நோயைத்தான் 2010இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஜிம் கெட்டிஸ் தமது சொந்த வீட்டிலேயே கண்டறிந்து, பின்னர் 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டார். ரவுட்டரின் அமைப்புக்குள் சென்று, அனுப்பும் வேகத்துக்கு இணைப்பின் எல்லைக்குச் சற்றுக் கீழே வரம்பு விதித்தோம். படங்கள் சற்றுத் தாமதமாகவே சென்றன, விளையாட்டு தடுமாறவில்லை.

பழைய பொதியே தொடர்கிறது. பேரன் இப்போதும் தோற்கிறான். ஆனால் இணைப்பைக் குறை சொல்வதில்லை. புறாவை விரைவுபடுத்துவதற்குப் பணம் செலுத்துமுன், நம் வீட்டுத் தபால் வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.