பழைய பொருள், புதிய சந்தை: இணையத்தில் விற்க, வாங்க, ஏலம் கேட்க

ஆயர் ஈத்தாமில் வீடு மாறுகிறவர்களுக்கு முதலில் வரும் தலைவலி பழைய பொருள்கள்தான். பாடாங் தெம்பாக் அடுக்குமாடியிலிருந்து பாயா தெருபோங்கிற்குப் போகிறவர் பழைய அலமாரியை மின்தூக்கியில் ஏற்ற முடியாமல் நிற்பார். பட்டவொர்த் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கு வந்த பெரியவர், தையல் இயந்திரத்தை எங்கே வைப்பது என்று கேட்பார். ஒரு காலத்தில் பழைய இரும்பு வாங்குபவரின் லாரிதான் இதற்கெல்லாம் ஒரே வழி. அவர் கொடுப்பது எடைக்கு விலை. அதே பொருளை இன்று கைத்தொலைபேசியில் நான்கு படம் எடுத்துப் போட்டால், அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர் வீடு தேடி வருகிறார். ஏமாற்றுக்காரரும் அதே வழியாகத்தான் வருகிறார் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

பினாங்குக்குப் பழைய பொருள் சந்தை புதிதல்ல. ரோப் வாக் என்று பெரியவர்கள் சொல்லும் ஜாலான் பிந்தால் தாலி ஒரு காலத்தில் பழைய சாமான்களுக்குப் பெயர்போன தெரு. நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தையில் இன்றும் கடிகாரம், நாணயம், கருவிகள், பழைய சட்டைகள் எல்லாம் தரையில் விரித்த துணியில் கிடைக்கும். அங்கே பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், விற்பவரின் முகத்தையும் பார்க்கலாம். இணையத்தில் முதலில் இல்லாமல் போவது இந்த இரண்டும்தான்.

நம் நாட்டில் வரி விளம்பரங்களின் இணைய வடிவமாக அதிகம் பேருக்குத் தெரிந்த முடா தளம் 2007இல் வந்தது. மலாய்ச் சொல்லான 'முடா' எளிது என்று பொருள்படும். சிங்கப்பூரில் மூன்று பல்கலைக்கழக நண்பர்கள் 2012இல் தொடங்கிய கேரோசெல் நிறுவனம், 2019இல் முடாவின் தாய் நிறுவனத்தோடு இணைந்தது. இவற்றோடு முகநூல் சந்தைப் பகுதி, வட்டாரக் குழுக்கள், அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களின் புலனக் குழுக்கள் ஆகியவையும் இருக்கின்றன. என் அனுபவத்தில் பெரிய மரச்சாமான்கள் குடியிருப்புப் புலனக் குழுவில்தான் வேகமாகப் போகின்றன. வாங்குபவர் மூன்றாம் மாடியிலேயே இருந்தால் லாரிச் செலவே கிடையாது.

அந்த லாரிச் செலவைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பெருநிலத்தில் நிபோங் தெபாலில் ஒரு சோபா 150 வெள்ளிக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலக் கட்டணம், சிறிய லாரி வாடகை, ஏற்றி இறக்க ஓர் ஆள் என்று கூட்டினால் அந்த 150 எங்கோ போய் நிற்கும். மோட்டார் சைக்கிளில் எடுத்து வரக்கூடிய பொருள் என்றால் கணக்கு வேறு. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை. ஆகவே மிக்சி, ரைஸ் குக்கர், புத்தகம், கைத்தொலைபேசி போன்றவற்றைப் பெருநிலத்தில் தேடலாம். கட்டில், அலமாரி, குளிர்சாதனப் பெட்டி என்றால் தீவுக்குள்ளேயே தேடுங்கள்.

விளம்பரம் எழுதும்போது

முதலில் ஊரின் பெயர். மலாய் எழுத்துமுறை மாறிய பிறகு நம் ஊரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள், 'ஆயர்' என்பதன் பழைய எழுத்துக்கூட்டிலும் 'ஆயிர்' என்பதன் புதிய எழுத்துக்கூட்டிலும். ஒன்றைத் தேடுபவருக்கு மற்றதில் எழுதிய விளம்பரம் அகப்படாமல் போகலாம். இரண்டையும் எழுதிவிட்டு, ஃபார்லிம், பாயா தெருபோங் என்று பக்கத்துப் பெயரையும் சேர்த்துவிடுங்கள். விளக்கம் தமிழில் மட்டும் இருந்தால் வாங்குபவர் வட்டம் சுருங்கிவிடும். மலாயில் இரண்டு வரி போதும்: பொருளின் பெயர், மாதிரி எண், வாங்கிய ஆண்டு, 'தெர்பாக்காய்' என்ற ஒரு சொல். பேரம் பேசத் தயார் என்றால் 'போலே ருண்டிங்' என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் கேட்பவர் விலையைப் பாதியாக்கிக் கேட்பார், அதற்கும் தயாராக இருங்கள்.

குறையை மறைக்காதீர்கள் என்று நான் சொல்வது அறநூல் படித்த பழக்கத்தால் அல்ல, அதில் பணக் கணக்கும் இருக்கிறது. பழைய கார்ச் சந்தையை வைத்து அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அடிப்படையான கட்டுரை அது. பொருளின் நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்லது கெட்டது இரண்டுக்கும் நடுவான ஒரு விலையைத்தான் சொல்வார். அந்த விலை நல்ல பொருள் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான பொருள்கள்தான். உங்கள் துணி துவைக்கும் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்றால், தண்ணீர் நிரம்பிச் சுற்றுவதை ஒரு நிமிடக் காணொளியாக எடுத்துப் போடுங்கள். மூடியில் உள்ள விரிசலையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். விரிசலைக் காட்டியவர் மோட்டாரைப் பற்றியும் பொய் சொல்லமாட்டார் என்ற எண்ணம் வாங்குபவருக்கு வரும்.

நான் ஒருமுறை பழைய மேசை விசிறி ஒன்றை 25 வெள்ளிக்குப் போட்டேன். பதினோரு பேர் 'இன்னும் இருக்கிறதா' என்று கேட்டார்கள், நான்கு பேர் வருகிறேன் என்றார்கள், வந்தவர் ஒருவர். அவரும் விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு 20 வெள்ளி கொடுத்தார். அவர் செய்தது சரிதான். மின்சாரப் பொருளைச் சொருகி ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சந்திக்கும் இடம் வெளிச்சமாகவும் ஆள் நடமாட்டம் உள்ளதாகவும் இருக்கட்டும். ஆயர் ஈத்தாம் சந்தைப் பகுதி பொருத்தமான இடம், ஆனால் சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் கெக் லோக் சி கோயிலுக்கும் பினாங்கு மலைக்கும் போகும் வண்டிகள் சாலையை அடைத்துவிடும். விலை உயர்ந்த கைத்தொலைபேசி, மடிக்கணினி என்றால் காவல் நிலையத்துக்கு அருகில் சந்திக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு எதிர்முனை எப்படிப் பதில் சொல்கிறது என்பதைக் கவனித்தாலே பல விஷயங்கள் புரியும்.

லேலோங், லேலோங்!

ஏலத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் படித்தவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இரவுச் சந்தையில் 'லேலோங், லேலோங்' என்று கூவுகிறார்களே, அந்த மலாய்ச் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. நம் 'ஏலம்' என்ற சொல்லையும் அகராதிகள் அதே போர்த்துகீசியச் சொல்லோடுதான் இணைக்கின்றன. மலாக்காவிலும் சோழமண்டலக் கரையிலும் இறங்கிய வணிகர்கள் இரண்டு மொழிக்கும் ஒரே சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். இரவுச் சந்தைக்காரர் கூவுவது உண்மையில் ஏலமல்ல, மலிவு விற்பனைதான்.

இணைய ஏலத்துக்கு உலக அளவில் வழி திறந்தது 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய இபே. முதலில் விற்ற பொருள்களில் ஒன்றாக அவர்கள் சொல்வது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி. 14 டாலர் 83 காசுக்குப் போனது. உடைந்த கருவிகளைச் சேர்ப்பவர் ஒருவர் அதை வாங்கினாராம். எந்தப் பொருளுக்கும் எங்கோ ஓர் ஆள் இருப்பார், அவரைக் கண்டுபிடிப்பதுதான் ஏலத்தின் வேலை. எனவே எல்லாருக்கும் விலை தெரிந்த பொருளை (இரண்டு ஆண்டு பழைய தொலைக்காட்சி போல) ஏலம் விடுவதால் பயனில்லை, நேர்விலை போட்டு விற்றுவிடுங்கள். விலை தெரியாத, சேகரிப்பாளர் தேடும் பொருளுக்குத்தான் ஏலம்.

நம் நாட்டில் இப்போது நாணயம், அஞ்சல்தலை, செடி, மீன், விளையாட்டுப் பொம்மை போன்றவற்றுக்கு முகநூல் குழுக்களில் ஏலம் நடக்கிறது. தொடக்க விலை, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு ஏற்ற வேண்டும், முடியும் நேரம், உடனே வாங்க என்ன விலை என்ற நான்கையும் முதலிலேயே எழுதிவிடுவார்கள். இவற்றில் ஒன்று இல்லாத ஏலத்தில் கேட்காதீர்கள். கடைசி நிமிடத்தில் ஒருவர் புகுந்து ஒரு வெள்ளி கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அதைத் தடுக்கச் சில குழுக்களில், முடியும் நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் சில நிமிடம் நீளும். விற்பவரே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றிவிடுவதும் நடக்கும். இதற்கு ஒரே மருந்து, உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டு அதைத் தாண்டாமல் இருப்பது.

தோட்டத்திலிருந்து வந்த பெட்டிகளில் சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்கள் இருக்கலாம். பித்தளை விளக்கு, பழைய தராசு, பால்வெட்டுக் கத்தி, பால் வாளி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் இன்று உணவகங்களில் அலங்காரத்துக்குப் போகின்றன. ஜப்பானியர் காலத்து 'வாழை நோட்டு' இருந்தால் பெரும் பணம் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். அது அச்சடித்துக் குவித்த நோட்டு, சாதாரணமானவற்றுக்கு விலை குறைவுதான். அந்தப் பெட்டியில் இன்னொன்றும் இருக்கும். தாத்தாவின் பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ். பழைய காகிதத்துக்கும் வாங்குபவர் உண்டு. ஆனால் பிறப்புப் பதிவோ குடியுரிமையோ சிக்கலில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த ஒரு தாள் எப்போது ஆதாரமாகத் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. பெட்டியோடு விற்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பாருங்கள்.

சட்டம் எங்கே குறுக்கிடும்

வீட்டில் கிடந்த சொந்தப் பொருளை எப்போதாவது விற்பதற்கு எந்த உரிமமும் வேண்டாம். வாங்கி விற்பதே தொழிலாக மாறும்போது நிலைமை வேறு. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. இணையத்தில் மட்டும் விற்கிறேன் என்பது விலக்கல்ல. பழைய பொருள் வியாபாரத்துக்கென்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது, அதன்கீழ் உரிமம் கொடுப்பது காவல்துறை. திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் வாங்கினாலும் பொருள் பொதுவாக உரிமையாளருக்கே திரும்பப் போகும், நீங்கள் கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் தேட வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு, பெட்டியும் ரசீதும் இல்லாமல், கடவுச்சொல் நீக்கப்படாமல் வரும் கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளோ காரோ விற்றால் சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அடுத்த மாதம் சம்மன் உங்கள் பெயருக்குத்தான் வரும். 'சம்போங் பாயார்' என்று, கடன் முடியாத வண்டியின் தவணையைத் தொடர்ந்து கட்டச் சொல்லி விற்கும் விளம்பரங்கள் ஏராளம். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் அப்படிக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டத்துக்குப் புறம்பானது. வாங்கியவர் தவணை கட்டாமல் நிறுத்தினால் கடன் அப்படியே உங்கள் தலையில்.

பணம் கைமாறும் நேரம்

பெரும்பாலான ஏமாற்று இங்கேதான் நடக்கிறது, அதுவும் விற்பவரைக் குறிவைத்து. 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று வங்கி ரசீதின் படம் வரும். படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, இருப்பு கூடியதைப் பார்த்த பிறகுதான் பொருளைக் கொடுக்க வேண்டும். 'தவறாக 500 அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்பது இன்னொன்று. 'விரைவுத் தூதர் கட்டணம் பெற இந்த இணைப்பைத் தட்டுங்கள்' என்பது மூன்றாவது. பணம் பெறுவதற்கு யாருக்கும் கடவுச்சொல் தேவைப்படாது. அதைக் கேட்கும் இணைப்பை அப்படியே மூடிவிடுங்கள்.

வாங்குபவர் முன்பணம் கொடுக்கும் முன் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் தட்டிப் பார்க்கலாம். புகார் இருந்தால் காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் நல்லவர் என்று பொருளல்ல, இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 'உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இணைய விற்பனை மோசடியில் பணம் வந்து சேருவது இப்படி இரவல் வாங்கிய கணக்குகளில்தான். 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை இப்படிப் பிறர் கையில் கொடுப்பதே தனிக் குற்றமாக்கப்பட்டது. காவல்துறை முதலில் வந்து தட்டுவது கணக்குக்காரர் வீட்டுக் கதவைத்தான்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு நேரத்தைப் போக்காதீர்கள். 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி உதவி மையத்தின் எண் 997. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு காவல் நிலையத்தில் புகார். தொழிலாகவே விற்கும் ஒருவரிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பொருளை ஒருமுறை விற்ற தனிநபர் மீது அங்கே போக முடியாது. விண்ணப்பம் எழுதத் தயங்குபவர்கள் 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம், அவர்களோடு தமிழிலேயே பேசலாம். விளம்பரத்தின் படம், உரையாடல், வங்கி ரசீது ஆகியவற்றை அன்றே அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். விற்றவர் விளம்பரத்தை நீக்கிவிட்டால் பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.