கொத்துக்குள் விழும் கலக்சிகள்

வைகாசி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் தலைக்கு மேலே, சற்று வடக்காக, கோமா பெரெனிசிஸ் என்ற மங்கலான விண்மீன் கூட்டம் நிற்கும். அந்தத் திசையில், சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலக்சிகள் ஒன்றாகத் திரண்டிருக்கின்றன. இது கோமா கொத்து. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஒரு கலக்சி எப்படி மூப்படைகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

எமது கோள்கள் சூரியனை ஏறக்குறைய வட்டமாகச் சுற்றுகின்றன. கொத்துக்குள் அந்த ஒழுங்கு கிடையாது. சூரியன் போல நடுவில் ஆளும் பொருள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றினதும் ஈர்ப்புச் சேர்ந்து இழுக்க, கலக்சிகள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவான வேகத்தில் பல திசைகளிலும் பாய்கின்றன. 1933 இல் பிரிட்ஸ் சுவிக்கி இந்த வேகங்களைக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும்தான் என்றால் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். ஆகவே மறைந்த பொருள் உண்டு என்றார். உலகம் அதை ஏற்கப் பல பத்தாண்டுகள் எடுத்தது.

பழைய நீள்வட்டக் கலக்சிகள் எத்திசையிலும் ஓடிப் பழகியவை. புதிதாக வரும் சுருள் கலக்சிகளின் பாதையோ மிகவும் நீண்டது. நேராக மையத்தை நோக்கி விழுந்து, மறுபக்கம் வெளியேறி, திரும்பவும் விழும். ஒரு தடவை போய்வர நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

அந்த முதல் விழுகைதான் ஆபத்தானது. கொத்தின் இடைவெளி வெறுமையல்ல. கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள ஐதான வாயு அங்கே நிறைந்திருக்கிறது. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளில் அது பளிச்சென்று தெரியும். சைக்கிளில் வேகமாகப் போகும்போது காற்று முகத்தில் அடிப்பதுபோல, விழும் கலக்சியை அந்த வாயு எதிர்த்து அடிக்கிறது. இதை 1972 இல் கன், கொட் என்ற இருவர் விளக்கினர். விண்மீன்கள் அசையாது, அவை செறிவானவை. கலக்சியின் சொந்த வாயு மட்டும் உரிந்துபோகிறது.

ஐதரசன் போனால் புதிய விண்மீன்கள் பிறக்காது. நீல நிறமான பெரிய விண்மீன்கள் முதலில் எரிந்து முடிய, சிவந்த, வயதானவை எஞ்சுகின்றன. 1980 இல் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து, நெரிசல் கூடக்கூடச் சுருள் கலக்சிகள் குறைவதைக் காட்டினார். எல்லாவற்றையும் இந்தக் காற்றின் தலையில் போட நான் தயாரில்லை. பெரிய நீள்வட்டக் கலக்சிகள் பல, கொத்தில் சேரமுன்னரே மோதி இணைந்து உருவானவை.

நோர்மா கொத்தில் ஈஎஸ்ஓ 137-001 என்ற கலக்சி இப்போது உரிந்துகொண்டிருக்கிறது. அதன் நீண்ட வாயு வாலில், தாய்க் கலக்சிக்கு வெளியே, புதிய விண்மீன்கள் பிறந்திருக்கின்றன.