பாடியவர் நம்பாத பாட்டு

மக்கள் நெஞ்சில் நிலைத்துவிட்ட பாடல்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் ஓர் உண்மையை அடிக்கடி காண்பர். ஒரு பாட்டின் தகுதியை அதனை இயற்றியவரோ பாடியவரோ முன்கூட்டியே அறிந்துவிடுவதில்லை. கேட்போரே அதனை நிறுவுகின்றனர். இதற்குத் தக்கதொரு சான்றாக, 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடி வெளிவந்த காதற்பிரிவுப் பாட்டொன்றின் கதையை ஈண்டுக் காண்போம்.

அப்பாட்டு ‘கன்ட்ரி’ எனப்படும் இசை மரபைச் சார்ந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் உழவர், சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வாழ்வில் வேரூன்றி வளர்ந்தது இவ்விசை. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து சென்று அப்பலாச்சிய மலைப்பகுதியில் குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், தேவாலயப் பாடல்களும் அதில் ஒன்றாய்க் கலந்தன. 1925இல் நாஷ்வில் நகர வானொலியில் தொடங்கிப் பின்னர் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ எனப் பெயர் பெற்ற நிகழ்ச்சி அதனைத் தொலைதூரம் பரப்பியது. பிழைப்பை நாடி டெட்ராய்ட், சிகாகோ முதலிய வடபுலத் தொழில் நகரங்களுக்குச் சென்ற தென்னாட்டார் இவ்விசையையும் உடன் கொண்டு சென்றனர். ஊரைப் பிரிந்த ஏக்கமும் காதலரைப் பிரிந்த ஏக்கமும் இவ்விசையின் இரு கண்கள் எனலாம்.

ஜோன்ஸ் 1931இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1969இல் புகழ்பெற்ற பாடகி டாமி வைனெட்டை மணந்தார். 1975இல் அம்மணம் முறிந்தது. அதன்பின் மதுவும் போதைப்பொருளும் அவரை ஆட்கொண்டன. இசை நிகழ்ச்சிகளுக்கு வாராதொழிவதே அவருக்கு ஓர் இகழ்ப்பெயரை ஈட்டித் தந்தது. பல்லாண்டுக் காலம் அவர் தனித்துப் பாடிய பாட்டொன்றும் முதலிடம் பெறவில்லை.

இந்நிலையிற்றான் பாபி பிராடக், கர்லி புட்மன் என்னும் இருவர் இயற்றிய ‘ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே’ என்னும் பாட்டு அவரிடம் வந்தது. ‘இன்று அவளை நேசிப்பதை அவன் நிறுத்திவிட்டான்’ என்பது அத்தலைப்பின் பொருள். தயாரிப்பாளர் பில்லி ஷெரில், பாட்டைத் திருத்தியெழுதும்படி ஆசிரியர்களைப் பலமுறை வேண்டினார். ஜோன்ஸோ, இத்துணைச் சோகமான பாட்டை எவரும் வாங்கார் என்றே கருதினார். பாடுங்கால் அவர் வேறொரு பாட்டின் மெட்டுக்கு வழுவி வழுவிச் சென்றார். பாட்டின் நடுவே இசையின்றிப் பேச வேண்டிய பகுதியொன்று உண்டு. மதுமயக்கிலும் பாட வல்ல அந்நாவால் தெளிவாகப் பேச இயலவில்லை. ஆதலின் ஒலிப்பதிவு நிறைவுற ஓராண்டிற்கு மேலாயிற்று.

பாட்டின் கதை எளியது. சாகுமளவும் நேசிப்பேன் என்கிறான் ஒருவன். காலம் மறக்கச் செய்யும் என்கிறாள் அவள். ஆண்டுகள் கழிகின்றன. அவள் படத்தையும் பழங்கடிதங்களையும் அவன் போற்றி வைத்திருக்கிறான். இன்றோ நேசிப்பதை நிறுத்திவிட்டான். வாயிலில் மலர்வளையம் வைக்கப்பட்டுள்ளது. இறந்தான் என்று பாட்டு வெளிப்படக் கூறவில்லை. கேட்பவரே உணர்ந்து திடுக்கிடுகிறார். இறுதியில் அவள் வருகிறாள். அவ்வருகையைப் பேசும் பகுதியில் ஒரு பெண்குரல் சொல்லின்றி மேலெழுகிறது. மிகையுணர்ச்சி என்று இதனை ஒதுக்குவார்க்கு நாம் கூறக்கூடிய விடை இவ்வடக்கமேயாகும்.

1980 ஜூலையில் இப்பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. கன்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 ஆகிய ஈராண்டுகளிலும் இதனையே ஆண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தது. கிராமி விருதும் ஜோன்ஸை வந்தடைந்தது. காத்தற்குரிய ஒலிப்பதிவுகளென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தொகுக்கும் வரிசையில், 2008ஆம் ஆண்டிற்கான பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

இவ்வரவேற்பிற்குக் காரணம் யாது? பாட்டில் வரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயரில்லை. நம் அகப்பாடல்கள் தலைமக்களின் பெயர் சுட்டாமையின் பயனை நாம் அறிவோம். எவரும் அவ்விடத்தில் தம்மை வைத்துப் பார்க்கலாம். ஆயின் அமெரிக்க மக்கள் பலர் அவ்வெற்றிடத்தில் ஜோன்ஸின் பெயரையும் வைனெட்டின் பெயரையும் எழுதிக்கொண்டனர். பாட்டில் ஒரு சொல்லும் ஜோன்ஸ் இயற்றியதன்று. அது அவர் வரலாறும் அன்று. எனினும் மணமுறிவால் நொந்த அக்குரலில் மக்கள் கேட்டது பொய்யெனத் தள்ளவும் நமக்கு மனம் வரவில்லை.

பாட்டின் தலைவன் மாண்டான், பாடியவரோ பிழைத்தார். 1983இல் மறுமணம் புரிந்த ஜோன்ஸ், அம்மனைவியின் துணையால் படிப்படியே மீண்டார். தம் நெடிய இசை வாழ்வை மீட்டுத் தந்தது அம்மூன்று நிமிடப் பாட்டே என்று 1996இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொண்டார். 2013 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார். நாஷ்வில் ஓப்ரி அரங்கில் நிகழ்ந்த இறுதி வழிபாட்டில் ஆலன் ஜாக்சன் அப்பாட்டையே பாடினார். எவரும் வாங்கார் என்று ஜோன்ஸ் எண்ணிய பாட்டு, அவருக்கே இரங்கற்பாவாக அமைந்தது.