பாவத்தின் பாக்கி

மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது அவனுடைய சரித்திரப் பாடத்தில் மார்ட்டின் லூதர் சில வரிகளில் வந்து போனார். "பாவமன்னிப்பைக் காசுக்கு வித்தாங்களாம்ப்பா. அதை யாருப்பா வாங்குவாங்க?" என்று கேட்டான். இங்கே போபாலில் பள்ளியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, சந்தேகத்தை மட்டும் வீட்டில் தமிழில் கேட்பான். வாங்கினவர்கள் ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இருபது வருஷமாக லோன் ஃபைல் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றைய கத்தோலிக்கப் போதனைப்படி, செய்த பாவத்துக்கு மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்தால் கடவுள் மன்னிக்கிறார். ஆனால் அதற்குரிய தண்டனையில் கொஞ்சம் பாக்கி நிற்கும். அதை இங்கேயே தவத்தில் தீர்க்கலாம், இல்லாவிட்டால் செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர்க்க வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் அசல் தள்ளுபடி, வட்டி பாக்கி! கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியம் ஒரு கஜானாவாக இருக்கிறது, அதிலிருந்து எடுத்து இந்த பாக்கியைக் கழிக்கலாம் என்று 1343-ல் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் அறிவித்தார். 1476-ல் நான்காம் சிக்ஸ்டஸ் இதை இறந்தவர்களுக்கும் விரித்தார்.

மகனின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் தங்களுக்காக வாங்கவில்லை. செத்துப்போன அம்மாவுக்காக, அப்பாவுக்காக வாங்கினார்கள். உங்கள் அம்மா நெருப்பில் தவிக்கிறாள், கொஞ்சம் காசு கொடுத்தால் வெளியே வந்துவிடுவாள் என்று ஒருவர் பிரசங்கம் செய்தால், பையில் காசிருக்கிற எந்தப் பிள்ளை சும்மா நிற்பான்?

இனி பணம் போன வழி. ஆல்பிரெக்ட் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை 1514-ல் மைன்ஸ் நகரின் பேராயராகத் தேர்வானபோது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. ஏற்கெனவே மாக்டபர்க் பேராயர் பதவியும் கையில் இருந்தது. இத்தனை பதவிகளை ஒருவரே வைத்துக்கொள்ள ரோமாபுரியில் விசேஷ அனுமதி வேண்டும், அதற்கும் பதவிக்கும் கட்டணம் உண்டு. 20,000 பொற்காசுகளுக்கு மேல் ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர் வங்கியில் கடன் வாங்கினார். கடனை அடைக்க வழி? 1515-ல் போப்பாண்டவர் பத்தாம் லியோ, புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காக மன்னிப்புச் சீட்டு விநியோகிக்க அனுமதித்தார். வசூலில் பாதி கட்டடத்துக்கு, மீதிப் பாதி ஆல்பிரெக்டின் கடனுக்கு. இரண்டாவது பாதி ஜனங்களுக்குத் தெரியாது. பிரசங்கி டெட்ஸலோடு ஃபுக்கரின் ஆட்களும் ஊர் ஊராகப் போனார்கள். ரெகவரி ஏஜெண்ட் எந்தக் காலத்திலும் உண்டு போலும்.

ரேட்டும் உண்டு. அரசர்களுக்கு 25 கில்டர், கீழே வர வரக் குறையும். காசே இல்லாதவர்கள் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும் என்று அதே விதிமுறையில் எழுதியிருந்தது. அதைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை. சீட்டுகள் அச்சடித்த படிவங்கள்தான். குட்டன்பர்க் காலத்திலேயே, 1454-ல், பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

1517 அக்டோபர் 31-ம் தேதி லூதர் தன் 95 வாதங்களைக் கடிதத்தோடு அனுப்பியது யாருக்குத் தெரியுமா? இதே ஆல்பிரெக்டுக்கு! கோவில் கதவில் ஆணி அடித்தாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் சண்டை உண்டு, கடிதம் போனதில் சந்தேகமில்லை. அப்போது அவர் சீட்டையே ஒழிக்கச் சொல்லவில்லை. உண்மையாக மனம் வருந்தினவனுக்குச் சீட்டில்லாமலே முழு மன்னிப்பு உண்டு, ஏழைக்குக் கொடுப்பது சீட்டு வாங்குவதைவிட மேல் என்றுதான் சொன்னார்.

மத்தேயு 18-ம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை ஒன்று இருக்கிறது. ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி! இவ்வளவு லோன் கொடுத்த மேனேஜருக்கு அன்றைக்கே வேலை போயிருக்கும். ராஜா மொத்தத்தையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரி தர வேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். விஷயம் தெரிந்ததும் ராஜா மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

தள்ளுபடி என்றால் யாரோ ஒருவர் நஷ்டத்தைச் சுமக்கிறார் என்று அர்த்தம். 2008-ல் விவசாயக் கடன் தள்ளுபடி வந்ததே, சுமார் 52,000 கோடி ரூபாயை அரசாங்கம் கட்டியது. இயேசுவின் கதையில் நஷ்டம் கடன் கொடுத்த ராஜாவுக்கே. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் நம்புவதும் இதுதான். டெட்ஸல் கையில் இருந்த சீட்டில் ராஜாவுக்கு நஷ்டமில்லை, அம்மாவை நினைத்து அழுத பிள்ளைதான் கட்டினான்.

1567-ல் ஐந்தாம் பயஸ் காசு சம்பந்தப்பட்ட எல்லா மன்னிப்புச் சலுகைகளையும் ரத்து செய்தார். ஃபுக்கர் 1525-லேயே இறந்துவிட்டார். அதற்கு முன் 1521-ல் ஆக்ஸ்பர்க்கில் ஏழைகளுக்காக ஒரு குடியிருப்புக்கு சாசனம் எழுதி வைத்தார். ஃபுக்கரை என்ற அந்த இடம் இன்றும் இருக்கிறது. வருஷ வாடகை அன்று ஒரு கில்டர், இன்று 88 சென்ட். கூடவே ஒரு நிபந்தனை: குடியிருப்பவர்கள் தினமும் ஃபுக்கர் குடும்பத்தின் ஆத்துமாவுக்காக மூன்று ஜெபங்கள் சொல்ல வேண்டும். அதில் ஒன்று, கடன்களை மன்னிக்கும்படி கேட்கிற கர்த்தருடைய ஜெபம்.